‘குழுவினர்’ என்றால் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகி ஒருவரின் சிறந்த பாடல்கள் 30ஐத் தொகுத்து ஒரு நிறுவனம் வெளியிட்டிருப்பதைப் பற்றி உங்கள் சேலம் பதிப்பில் போன ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கச் செய்தி வந்திருந்தது. அந்த 30 பாட்டில் 11 பாட்டுக்குப் பம்பை மேளம் வாசித்தவன் நான். செய்தியிலும் சரி, தொகுப்பிலும் சரி, ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது: அக்குரலோடு கூட வாசித்தவர்கள், பாடியவர்கள், பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெயர். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடகியின் பெயரை இதில் நான் எழுதப் போவதில்லை. நான் சொல்லும் குறையில் அவருக்குப் பங்கே கிடையாது. அவர் போய்ச் சேர்ந்து 6 வருடம் ஆகிறது. பெயரைச் சேர்த்து எழுதினால் குறையும் அவரோடு ஒட்டிக்கொள்ளும். அக்கா என்றே எழுதுகிறேன், 20 வருடத்துக்கு மேல் அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம்.

தொகுப்பை நான் வாங்கியது ஏற்காட்டு மலைமேல். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வீட்டோடு போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறி, ஊரிலிருந்து வேறு வண்டி பிடித்து, கோயிலுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. 5,326 அடி உயரத்தில், தலை குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பொரிகடலைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு பையன் ஒலிபெருக்கி வைத்துப் பென் டிரைவ் விற்றுக்கொண்டிருந்தான். அதில் அக்காவின் குரல். அதுவும் காப்பிப் பழம் பறிக்கிற பாட்டு. அந்தப் பாட்டை அக்கா யாரிடம் கற்றுக்கொண்டாரோ, அந்த ஆயாவின் ஊர் அதே மலையில் இருக்கிறது. நான் அப்படியே நின்றுவிட்டேன். 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பென் டிரைவோடு உள்ளங்கை அகலத்துக்கு மடித்த ஒரு அட்டையும் கொடுத்தான்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். தேய்ந்துபோன கேசட்டிலிருந்து எடுத்த குரலா இது என்று தோன்றும் அளவுக்குத் துலக்கியிருக்கிறார்கள். இரண்டு அடிக்கு நடுவில் அக்கா மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. நடவுப் பாட்டில் மூன்றாவது அடியில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். பின்பாட்டுக்காரி ஒருத்தி சொல்லை மாற்றிப் பாடியதற்காக அக்கா சிரித்த சிரிப்பு அது. கேசட்டில் அது இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடந்தது. இப்போது தெளிவாக இருக்கிறது. தாதகாப்பட்டியில் எங்கள் தெரு டீக்கடையில் வேலை செய்கிற பையன்கள், நான் வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு அவர்களும் போனில் தேடிக் கேட்கிறார்கள். அக்கா மேடையை விட்டு இறங்கிய காலத்தில் பிறந்த பையன்கள். இதற்காக அந்த நிறுவனத்துக்கு நான் நன்றி சொல்கிறேன்.

அப்புறம் அட்டையைப் பிரித்துப் படித்தேன். பாடியவர் என்று அக்காவின் பெயர், படத்தோடு. தொகுப்பு என்று நிறுவனத்தின் பெயர். ஒலிச் சீரமைப்பு ஒருவர் பெயர், அட்டை வடிவமைப்பு ஒருவர் பெயர், அச்சகத்தின் பெயர். அதற்குக் கீழே, ‘இசை: கிராமியக் குழுவினர். பாடல்கள்: மரபு’. அவ்வளவுதான்.

குழுவினர் என்று போட்டிருக்கிறார்களே, நான் வாசித்த பாட்டுகளில் அது 7 பேர். நானும் ஒருவன் என்பதால் மற்ற 6 பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

உறுமி வாசித்தவர் ஓமலூர்ப் பக்கத்துக்காரர். பகலில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை. விரல் இடுக்கில் எல்லாம் வெள்ளைத் தூள் ஏறியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எங்களுக்கு அவர் மாமா. உறுமியை அடிப்பது ஒரு முகத்தில், வளைந்த குச்சியால் தேய்ப்பது இன்னொரு முகத்தில். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் வரும். நிறையப் பேர் அதைக் கரகரவென்று இழுப்பார்கள். மாமா தேய்த்தால் மாடு தூக்கத்தில் முனகுவது போல ஒரு சத்தம் எழும்பும். தாலாட்டுக்கு உறுமி வைக்கலாம் என்று அக்கா சொன்னபோது நாங்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மாமா வாசித்துக் காட்டினார். பிள்ளை பயப்படாது, கண்ணை மூடும், அப்படி இருந்தது.

தவில்காரர் ஆத்தூர். நாயனக்காரர் ராசிபுரம். அப்போது ராசிபுரமும் சேலம் மாவட்டம்தான், 1997இல்தான் நாமக்கல் மாவட்டம் பிரிந்தது. பின்பாட்டுப் பாடிய இரண்டு பெண்களும் அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் ஓரகத்திகள், கிழங்கு மில்லில் வேலை பார்த்தவர்கள். ஜால்ரா போட்ட பையன்தான் எல்லாரிலும் சின்னவன், மேட்டூர்ப் பக்கம். நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் இருந்தேன். எங்கள் பட்டறையில் கொலுசு முடிந்து போகும்போது கொக்கியில் எழுத்து அடிப்போம். யார் செய்த சரக்கு என்று தெரிய வேண்டும் அல்லவா. அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, எனக்கு இந்த விஷயம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

1996 தை மாதம். பொங்கல் கழிந்த மறு வாரம் 8 பேரும் ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். ஒலிப்பதிவுக் கூடம் என்பது ஒரு வீட்டு மாடி. சுவரெல்லாம் சணல் சாக்கு அடித்திருந்தார்கள். பம்பையில் மேலே வெண்கல உருளை, கீழே மர உருளை, இரண்டையும் சேர்த்துக் கட்டி நான்கு முகத்தில் வாசிக்கிறோம். அது ஊர் எல்லை வரைக்கும் கேட்பதற்காகச் செய்த வாத்தியம். அந்த அறைக்குள் ஒரு தட்டுத் தட்டியதும் மைக்குக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். என்னைக் கதவோரம் கொண்டுபோய் உட்காரவைத்து, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு அதன்மேல் போர்வையைத் தொங்கவிட்டார்கள். அக்கா முகம் தெரியாது. அக்காவின் வலது கை மட்டும் போர்வை இடுக்கில் தெரிந்தது. அந்தக் கை அசைவைப் பார்த்துத்தான் எல்லாப் பாட்டுக்கும் வாசித்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பாடி வாசிக்க வேண்டும். யாராவது ஒருவர் தப்புப் பண்ணினால் முதலிலிருந்து. அம்மன் வர்ணிப்பை மட்டும் 5 தடவை எடுத்தோம். இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஆளுக்கு 350 ரூபாயும் பஸ் சார்ஜும் கொடுத்தார்கள். அன்றைக்கு அது குறைந்த பணம் என்று சொல்ல மாட்டேன். பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்தார்கள். பணத்தைப் பற்றி எனக்கு இப்போதும் கேள்வி இல்லை.

கேசட் வந்தபோதும் அட்டையில் எங்கள் பெயர் இல்லைதான். இந்த மாதம் நிறுவனத்துக்குப் போன் செய்தபோது பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் இதையே சொன்னார்: “ஐயா, பழைய அட்டையிலேயே இல்லையே, நாங்க எங்கே போய்த் தேடுவோம்?” நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் 1996இல் அக்கா அந்த அட்டையைப் பார்த்துவிட்டு என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியாது. கேசட்டு 20 வாங்கி, ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் 7 பேர் பெயரையும் ஊரையும் தன் கையால் பேனாவில் எழுதி, எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் இரண்டு கொடுத்தார். மீதியைத் தன்னைப் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்தார். என் வீட்டில் ஒன்று இன்னும் இருக்கிறது. மை மங்கிவிட்டது, எழுத்து தெரிகிறது.

மேடையிலும் அக்கா அப்படித்தான். விடிய விடியக் கச்சேரி நடந்தாலும், மங்களம் பாடுவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, பம்பை இன்னார், தாதகாப்பட்டி, உறுமி இன்னார், ஓமலூர் என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்வார். ஒரு ஊரில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர், நேரமாகிவிட்டது, பெயரெல்லாம் வேண்டாம், பாட்டை முடியுங்கள் என்றார். “பேரு சொல்லாம மங்களம் பாட மாட்டேன்” என்று அக்கா மைக்கிலேயே சொல்லிவிட்டார். கூட்டம் கைதட்டியது. எங்கள் 7 பேருக்கும் அன்றைக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஏன் இது எங்களுக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவோடு ஊர் ஊராகப் போவேன். அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. “ஏய் பம்பை, இங்க வா”, “பம்பைக்குச் சோறு வெச்சாச்சா”, இப்படித்தான். மாரியம்மன் இறங்கி வருவதற்கு அப்பா வாசிப்பு வேண்டும். சாமி இறங்கின பிறகு அப்பா கோயில் மதில் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். தோல் தொட்டு வாசிக்கிறவனுக்கு வாத்தியத்தின் பெயரே போதும் என்று ஒரு காலம் நினைத்தது. அட்டையில் ‘குழுவினர்’ என்று போட்டவர் அந்த எண்ணத்தோடு போட்டார் என்று நான் குற்றம் சொல்லவில்லை. அதைப் படித்தபோது எனக்கு அப்பா உட்கார்ந்திருந்த மதில் ஓரம்தான் ஞாபகம் வந்தது.

கர்நாடக சங்கீதக் கச்சேரியைத் திருச்சி வானொலியில் கேட்டிருப்பீர்கள். பாடியவர் இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், தம்புரா இருந்தால் அதுவும் இன்னார் என்று சொல்வார்கள். அது சரியான பழக்கம். அதே பழக்கம் எங்களுக்கும் வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறை வாசிப்புக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் பம்பையை எடுத்துத் துடைத்து, கயிறு இறுக்கி, வாசலில் உட்கார்ந்து வாசித்தேன். தோல் வாத்தியக்காரர் ஒருவரின் பெயரை நாடு பெயராகவே சொன்ன நாள் அது.

இனி அந்தக் காப்பித் தோட்டப் பாட்டுக்கு வருகிறேன். அட்டையில் ‘மரபு’ என்று போட்டிருக்கும் பாட்டுகளில் அதுவும் ஒன்று. மரபு என்பது பொய்யில்லை. ஆனால் அந்த மரபு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு வந்ததை நான் கூட இருந்து பார்த்தேன். 1995 கார்த்திகைக் கடைசி. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, அக்காவும் நானும் மாமாவும் காலை முதல் பஸ்ஸில் மேலே போனோம். நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கிற பருவம். பனி விலகவில்லை. செடிக்கு நடுவில் ஆள் தெரியாது, பாட்டு மட்டும் கேட்கும். ஒரு வரிசையிலிருந்து ஒரு பெண் அடி எடுத்துக் கொடுக்க, அடுத்த வரிசை அதைத் திருப்பும். அடி எடுத்துக் கொடுத்தவர் அந்த மலைப் பழங்குடியான மலையாளி இனத்து ஆயா, 60 வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் பை கட்டியிருந்தார். அக்கா அவரோடு சேர்ந்து மூன்று நாள் பழம் பறித்தார். ராத்திரி ஆயா வீட்டுத் திண்ணையில்தான் படுத்தோம். ஆயா வரிக்கு வரி சொல்லிக் கொடுத்தார், அக்கா திருப்பிப் பாடினார். ஒரு இடத்தில் அக்கா சுருதியை ஏற்றிப் பாடினார். ஆயா நிறுத்தி, “அங்க ஏறக்கூடாது கண்ணு, மேட்டுல நின்னு பறிக்கிறவ மூச்சு வாங்கும்” என்றார். வேலை செய்கிறவள் மூச்சுக்குத் தக்கபடி அந்தப் பாட்டு இறங்குகிறது. இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்?

தொகுப்பில் அந்தப் பாட்டைக் கேளுங்கள். இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் குரல் ஏறப் பார்த்து, சட்டென்று கீழே வரும். அது ஆயா திருத்திய இடம். அந்த ஆயாவின் பெயர் எனக்குத் தெரியும். பேத்தி இன்னும் அதே ஊரில் இருக்கிறார். திருவிழா முடிந்து இறங்கும் வழியில் போய்ப் பார்த்தேன். என் போனில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். “இது எங்க ஆயா பாட்டாச்சே” என்றார். பாட்டு முடியும் வரை போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கு அப்புறம், “பொட்டியில ஆயா பேரு இருக்குதுங்களா?” என்று கேட்டார். அட்டையை அவரிடம் நீட்ட எனக்குக் கை வரவில்லை.

பாட்டுச் சேகரிக்கிறவர்கள் இதற்கு ஒரு நல்ல வழியை எப்போதோ காட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் கொண்டுவந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ புத்தகத்தை மாவட்ட மைய நூலகத்தில் பார்த்தேன். பல பாட்டுகளுக்குக் கீழே சேகரித்தவர் இன்னார், இடம் இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்று இருக்கிறது. அந்த வட்டாரத்துச் சொல்லுக்கு விளக்கமும் இருக்கிறது. சேகரித்தவர்களில் வாழப்பாடி சந்திரன் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, நம்ம வாழப்பாடி! கணினியும் போனும் இல்லாத காலத்தில், ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த புத்தகத்தில் இதற்கு இடம் இருந்திருக்கிறது. மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பாட்டுகளைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். விஜயலட்சுமிக்கும் 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாட்டுப்புறப் பாட்டு என்றால் ஊரும் சேர்ந்துதான் பாட்டு. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு ‘மரபு’ என்று மட்டும் போட்டால், கேட்கிற பிள்ளைக்கு அது எந்த மலையில் எந்த வேலைக்குப் பாடினது என்று எப்படித் தெரியும்?

என் பேத்தி சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் இதைப் பேசியபோது, “தாத்தா, இது வெறும் மரியாதை இல்ல, சட்டத்திலேயே இருக்கு” என்று புத்தகத்தைக் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவர்களுக்கு என்று தனி உரிமை 1994 திருத்தத்தில் வந்து, 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நிகழ்த்துகிறவர் யார் என்று சொல்லும் இடத்தில் நடிகர், பாடகர், இசைக் கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். பாம்பாட்டிக்கு இடம் கொடுத்த சட்டம் பம்பைக்காரனை விடுமா! அந்த உரிமை 50 வருடம் நிற்கும், நாங்கள் 1996இல் வாசித்ததற்கு 2046 முடிய. 2012 திருத்தத்தில் 38-பி என்ற பிரிவு சேர்த்தார்கள். இதை நிகழ்த்தியவர் இவர் என்று அடையாளம் சொல்லச் சொல்லும் உரிமையும், பெயருக்குக் கேடு வரும்படி வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும், வேறு எந்த உரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும் நிகழ்த்தியவரிடமே இருக்கும் என்கிறது அது. பயன்படுத்தும் முறையால் பெயர் சொல்லவே முடியாத இடத்தில் மட்டும் விலக்கு உண்டாம். இன்னொரு பிரிவு, 52-ஏ, ஒலிப்பதிவின் மேலும் அதன் உறையிலும் முதலில் வெளியான வருடத்தைப் போட வேண்டும் என்கிறது. இந்த அட்டையில் தொகுப்பு வந்த வருடம் மட்டும்தான் இருக்கிறது. 1996 என்று எங்கேயும் இல்லை. கேட்கிறவர்கள் எல்லாம் அக்கா போன வருடம் பாடியது என்றே நினைப்பார்கள்.

கோர்ட்டுக்குப் போவதற்காக நான் இதை எழுதவில்லை. தொகுத்தவர்களுக்கும் பாட்டின் மேல் ஆசை இருந்ததால்தான் தொகுத்தார்கள். சட்டம் தெரிந்துகொண்டால் செய்வார்கள் என்று நம்புகிறேன்.

பேத்தி இன்னொன்றும் காட்டினாள். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி இசைத்தட்டுக்குப் பாடியிருக்கிறார். அந்தத் தட்டுகளை அச்சடிக்க ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு எது யார் பாடியது என்று குழம்பக் கூடாது என்று பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே தட்டில் சொல்லியிருக்கிறார். போனில் கேட்டேன். கரகரப்புக்கு நடுவில் கணீர் என்று வருகிறது அந்தப் பெயர். அந்த வீட்டு மாடியில் நாங்களும் மங்களத்துக்கு முன்னால் அக்காவைப் பெயர் சொல்லச் சொல்லியிருக்கலாம். கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். அக்கா ஒவ்வொரு நிமிடத்தையும் பாட்டுக்கே கொடுத்துவிட்டார்.

பெயரைத் தவிர இன்னும் மூன்று இடம் எனக்கு வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மன் வர்ணிப்பு கேசட்டில் 14 நிமிடம். தொகுப்பில் 4 நிமிடம் 40 விநாடி. முன்னால் இரண்டு நிமிடம் பம்பை மட்டும் வரும், அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். என் வாசிப்பு போய்விட்டதே என்ற வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மனை அழைக்காமல் வர்ணிக்க முடியாது. முதலில் மெதுவாக ஒரு நடை, அதில் அம்மன் எந்தத் திசையில் இருந்தாலும் காது கொடுப்பாள் என்பது எங்கள் நம்பிக்கை. அடுத்தது கொஞ்சம் முடுக்கி. மூன்றாவது நடையில் உடம்பு தானாக ஆடும். அதற்கு அப்புறம்தான் பாட்டு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் எந்தப் பம்பைக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இப்போது பாட்டு திடீரென்று நடுவில் ஆரம்பிக்கிறது, கதவைத் தட்டாமல் உள்ளே வந்த மாதிரி. 30 பாட்டு வேண்டாம், 20 போதும். முழுதாகப் போடுங்கள்.

இரண்டாவது, தாலாட்டு. கேசட் இரைச்சலை எடுக்கிற வேலையில் மாமாவின் உறுமியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். தேய்க்கிற சத்தம் இயந்திரத்துக்கு இரைச்சலாகத் தெரிந்திருக்க வேண்டும். தட்டுகிற பக்கம் மட்டும் டொக், டொக் என்று கேட்கிறது. தாலாட்டு உறங்கவைக்காமல் எழுப்புகிறது. மாமா இறந்து 11 வருடம். அவருடைய மகன் ஓமலூரில் ஆட்டோ ஓட்டுகிறார். அப்பா வாசித்ததை அவர் பிள்ளைகளுக்குக் கேட்கவைக்க ஆசைப்பட்டு என்னிடம் தொகுப்பை வாங்கிப் போனார். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து, “சித்தப்பா, எங்கப்பா இதுல எங்க இருக்காரு?” என்று கேட்டார். என் பழைய கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அதைக் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது.

மூன்றாவது வரிசை. அக்கா ஒப்பாரிக்கு அடுத்துக் கும்மி வைத்திருந்தார், ஆனால் மைக்குக்காரரிடம், “ஒப்பாரி முடிஞ்சதும் பத்து விநாடி சும்மா ஓடட்டும்” என்று சொல்லியிருந்தார். செத்த வீட்டிலிருந்து எழுந்து, கால் கழுவி, வேறு வீட்டுக்குப் போகிற நேரம் அது. தொகுப்பில் ஒப்பாரியின் கடைசி எழுத்து முடியும் முன்னாலேயே குலவையும் கைதட்டலும் வந்து விழுகிறது. அதேபோல முதல் பாட்டாகப் பிள்ளையார் காப்பு இல்லை, ஆட்டப் பாட்டு ஒன்று இருக்கிறது. மங்களம் 17ஆவது பாட்டாக நடுவில் கிடக்கிறது. பிரபலமான பாட்டு முன்னால் வர வேண்டும் என்பது புரிகிறது. காப்பை முதலிலும் மங்களத்தைக் கடைசியிலும் வைத்துவிட்டு, நடுவில் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமே.

பெயர் இல்லாததால் வருகிற கஷ்டம் இன்னொன்று உண்டு. பின்பாட்டுப் பாடிய இருவரில் மூத்தவர் இப்போது தனியாக இருக்கிறார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு மனு எழுத என்னிடம் வந்தார். கலைஞர் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள், கேட்பது நியாயம்தான். நோட்டீஸ், சான்றிதழ், கேசட் அட்டை, எதிலாவது பெயர் இருக்க வேண்டும். எதிலும் இல்லை. 30 பாட்டில் 19 பாட்டில் அவர் குரல் இருக்கிறது. உதவித்தொகைக்கு மனு போட அவர் குரல் ஆதாரமாகவில்லை. தொகுப்பு அட்டையில் ஒரு வரி இருந்திருந்தால் அதையே வெட்டி மனுவில் ஒட்டியிருப்பேன்.

ஆகவே நிறுவனத்தாரிடம் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான். அடுத்த பதிப்பு போடும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பாடியவர், பின்பாட்டு, வாத்தியம் வாசித்தவர், பாட்டு வந்த ஊர், சொல்லிக்கொடுத்தவர், பதிவு செய்த வருடம் இருக்கட்டும். அட்டையில் இடம் போதாது என்றால் சின்ன எழுத்தில் போடுங்கள், பரவாயில்லை. போனில் கேட்பதற்கு ஏற்றியிருக்கிறீர்களே, அங்கே இடத்துக்கு என்ன பஞ்சம்? அதை இன்றைக்கே திருத்தலாம். மற்ற 19 பாட்டுக்கு வாசித்தவர்களில் 5 பேரை எனக்குத் தெரியும், விசாரித்துச் சொல்கிறேன். முழுப் பாட்டு வேண்டும் என்றால் என்னிடம் இருக்கும் கேசட்டைத் தருகிறேன். உறுமி அதில் நன்றாகவே இருக்கிறது. ஒரே வேண்டுகோள், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அதன் அட்டையில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது.

நம் ஊரில் இந்த மாதிரித் தொகுப்புகள் இனி நிறைய வரும். கேசட்டுகள் வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கின்றன, ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படிக்கிறவர்கள் வீட்டில் பழைய கிராமியப் பாட்டுக் கேசட் இருந்தால், அதில் வாசித்தவர் யாராவது உறவிலோ தெருவிலோ இருந்தால், இன்றைக்கே கேட்டு அட்டையில் எழுதி வையுங்கள். ஊரையும் எழுதுங்கள்.

7 பேரின் பெயர், ஊர், வாத்தியம் எழுதிய தாளையும், அக்கா கையால் எழுதிய அட்டையின் படத்தையும் உங்கள் பார்வைக்காக இதோடு வைத்திருக்கிறேன். ஆயாவின் பேத்தி, தன் ஆயாவின் பெயரைப் போடச் சம்மதம் என்று கைநாட்டு வைத்துக் கொடுத்த தாளும் இருக்கிறது. 7 பேரில் 4 பேர் இருக்கிறோம், நால்வருக்கும் சம்மதம். மாமாவின் மகனும் தவில்காரர் வீட்டம்மாவும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஜால்ரா போட்டவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், அவர் வீட்டார் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. மேட்டூரில் அணைக்கட்டு முனியப்பன் கோயில் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆடி 18க்கு அங்கே வாசிக்கப் போகிறேன், விசாரித்து எழுதுகிறேன். அதுவரைக்கும் இந்தக் கடிதத்துக்குக் கீழே என் பெயரை மட்டும் தனியாகப் போட வேண்டாம். 7 பெயரும் வரும்போது என் பெயரும் வரட்டும்.

இப்படிக்கு,
பம்பை வாசித்தவர்,
தாதகாப்பட்டி, சேலம்